வெள்ளிக்கிழமைக் கறிக் குலுக்கல்

குரம்பில் என்ற எங்கள் ஊரில் தருமம் வாங்குகிறவர் யாரும் கிடையாது. மழை பொய்த்து மூன்றாவது வருடமும் கோதுமை முழங்கால் உயரத்தில் கருகியபோது, பாதிப் பண்ணைகளில் இரவுச் சாப்பாடு வெறும் ரொட்டி என்று ஆனபோது, யாரைக் கேட்டாலும் "சமாளிச்சுக்கலாம்" என்பதுதான் பதில். எப்படிச் சமாளித்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் வீட்டு வாசலில் இன்னொருவர் முட்டையை வைத்துவிட்டுப் போவார். கேட்டால், "எங்க கோழி ரொம்பப் போடுது, தின்னு மாளல" என்பார். அவர் வீட்டில் கோழியே இருக்காது. கடையில் வாங்கிய முட்டையின் ஓட்டில் அடித்திருக்கும் முத்திரையை நகத்தால் சுரண்டிவிட்டு வைத்திருப்பார். வாங்கிக்கொண்டவருக்கும் சுரண்டிய இடம் கண்ணில் படும். ஆனால் இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இதற்குப் பெயர் தன்மானம் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு.

இந்த ஊருக்குத்தான் பிலிப்பா வந்தாள். மெல்போர்னில் ஏதோ பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூடிக்கிடந்த பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கி, மூன்றே மாதத்தில் அதில் இலவச உணவு வங்கி ஒன்றைத் திறந்துவிட்டாள். கடைவீதியைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. எதிரே ஒரு பக்கம் பேக்கரி, இன்னொரு பக்கம் மதுக்கடை. உள்ளே எவன் நுழைந்தாலும், எந்த டப்பாவை எடுத்தான் என்பது வரை இரண்டு இடத்திலிருந்தும் தெரியும். இப்படி ஓர் இடத்தில் பசித்தவன் வந்து நிற்பான் என்று நம்ப, நிஜமாகவே நல்ல மனசு வேண்டும். மூளை வேண்டியதில்லை.

அலமாரியில் என்னென்ன வைத்திருந்தாள் என்று கேட்கிறீர்களா? கொண்டைக்கடலை டப்பா, குயினோவா என்று ஏதோ வெளிநாட்டுத் தானியம், அடைத்து விற்கும் தேங்காய்த் தண்ணீர், பசுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஓட்ஸ் பால். ஆடும் மாடும் கோதுமையும் தவிர வேறெதையும் அறியாத ஊருக்கு, குயினோவா. போதாதென்று 'கதைச் சுவர்' என்று ஒரு சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருந்தாள். முதல் தடவை பை நிரப்பிக்கொண்டு போகிறவர் ஒரு புகைப்படத்துக்கு நிற்க வேண்டும், தன் கதையை நாலு வரி சொல்ல வேண்டும். காசு கொடுக்கும் அறக்கட்டளைக்குக் காட்ட அது தேவையாம். யாரும் வரவில்லை. ஒரு லாரிக்காரன் கழிப்பறை எங்கே என்று கேட்டு நுழைந்தான். அவனையும் படம் எடுக்கப் பார்த்தாள் என்று பேக்கரியில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் பேக்கரியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளெனிஸ், உங்களுக்கு எல்லாரையும் தெரியும். இந்த ஊர்ல யாரெல்லாம் கஷ்டப்படறாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"இங்க யாரும் கஷ்டப்படல."

"அது எப்படி? மூணு வருஷமா மழை இல்லயே."

"அது வானத்துக்கு வந்த கஷ்டம். நீங்க அதைத்தான் கூப்பிட்டு ஃபோட்டோ எடுக்கணும்."

சிரித்தாள். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டாள்.

எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று அவள் சொன்னது சரிதான். புல்தரையில் பந்து உருட்டும் எங்கள் கிளப்பில் வெள்ளிக்கிழமை மாலை நடக்கும் கறிக் குலுக்கல் என் பொறுப்பு. கசாப்புக்கடையிலிருந்து மூன்று தட்டுகள் வரும். ஒன்றில் ஆட்டுச் சாப்ஸ், ஒன்றில் சாசேஜும் பன்றிக்கறியும், ஒன்றில் மாட்டுத் தொடைக்கறி. எல்லாரும் பீரைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு சரம், அதாவது ஒரே நிறத்தில் அடுத்தடுத்த எண் போட்ட ஐந்து சீட்டு, வாங்குவார்கள். ஒரு பாதி அவர்கள் கையில், மறுபாதி என் தகர டிரம்மில். நான் சுற்றி, கையை விட்டு, ஒன்றை எடுத்து நிறத்தையும் எண்ணையும் கூவுவேன். ஜெயித்தவர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஒரே மாலையில் ஒருவருக்கே இரண்டாம் தடவை விழுந்தால் அவரே "மறுபடி எடு" என்று சொல்லிவிடுவார். அது எங்கள் மரியாதை.

சீட்டில் எது அச்சடித்திருந்தாலும் என் வாயில் வருவதுதான் எண். சீட்டை விற்கும்போதே மனதில் குறித்துவைத்து, யாருக்குத் தேவையோ அவருடைய எண்ணைச் சொல்வேன். இந்த வாரம் புருஷனைப் பறிகொடுத்தவள், அடுத்த வாரம் டிராக்டரை விற்றவன். சந்தேகம் வராமலிருக்க நடுநடுவே ஒரு வசதிக்காரன். எடுத்த சீட்டைக் காட்டச் சொல்லி இத்தனை வருடத்தில் ஒருவர் கேட்டதில்லை. ஊருக்கே தெரியும். தெரியும் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். வாங்குகிறவன் மட்டும் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வான். பிலிப்பாவின் மஞ்சள் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் என் டிரம்மை நினைத்து எனக்கு ஒரு கர்வம் வரும். அந்தக் கர்வத்தை ஏன் மறைக்க வேண்டும்? நன்றாகவே இருந்தது.

அந்த வருடம் என் டிரம்மின் செல்லப்பிள்ளை ராய்ஸ் லெய்ட்லா. ஆட்டு ரோமம் கத்தரிப்பதில் இந்த வட்டாரத்தில் அவனை அடிக்க ஆளில்லை என்று இருந்தவன். திமிறிய கிடா ஒன்று வலது தோளைப் பிய்த்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. அவன் மனைவி டான்யா பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். மூன்று பிள்ளைகள். அந்த வீட்டுக்கு வாரத்தில் வரும் கறி என்றால் நான் கூவும் கறிதான். அதையும் அவன் ஒரு பீர் வாங்கி, அது சூடாகும் வரை குடித்து, ஒரே ஒரு சரம் சீட்டு வாங்கி, தலைநிமிர்ந்து ஜெயித்துக்கொண்டு போவான். தட்டை இடது கையில் ஏந்திக் கதவைக் காலால் தள்ளித் திறக்கும்போது, அவன் பழைய ராய்ஸ்தான்.

"ராய்ஸ், உன் கைய என் கையில கொஞ்சம் தேய்ச்சு விடுப்பா. நாளைக்குக் குதிரை மேல காசு கட்டறேன்" என்பான் டட்லி. கால்நடைத் தரகன், வீட்டில் இரண்டு பெரிய உறைபெட்டி நிறையக் கறி வைத்திருப்பவன்.

"தாராளமா எடுத்துக்கோ. தோளோட சேர்த்து எடுத்துக்கோ" என்பான் ராய்ஸ். கிளப்பே சிரிக்கும்.

பிலிப்பா ஏழைகளைத் தேடி ஒரு வெள்ளிக்கிழமை கிளப்புக்கு வந்தாள். எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாவுடன் என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல் கூவினேன், ராய்ஸ் வழக்கம்போல் ஜெயித்தான். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் மேசைமேல் கிடந்த சீட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நீங்க பச்சைன்னு சொன்னீங்க. இது ரோஸ்."

"வயசாயிடுச்சு. கண்ணு சரியா தெரியல."

"எண்ணும் வேற. போன வாரமும் அவருக்குத்தான் விழுந்துச்சாம். அதுக்கு முந்தின வாரமும்."

"அதிர்ஷ்டக்காரன்."

"கிளெனிஸ், மத்தவங்க காசு போட்டு வாங்கறாங்க. இது அவங்களை ஏமாத்தறது இல்லயா?"

ஏமாற்றுவதாம். காரணத்தைச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் அடுத்த நாளே ராய்ஸ் வீட்டு வாசலில் கேமராவும் கொண்டைக்கடலையுமாக நின்றிருப்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவள் நேரே கிளப்புத் தலைவர் மெர்விடம் போனாள்.

மெர்வ் ஷோல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொல்வதுதான் அவருக்குச் சரி. புல்தரைக்கு நிழல்கூரை போட அதே அறக்கட்டளையிடம் பிலிப்பா மூலமாக மனுப் போட்டிருந்தார். பத்தே நிமிடத்தில் புது விதி வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து சீட்டின் மறுபாதியை அவரவரே டிரம்மில் போட வேண்டும். பிலிப்பா எடுப்பாள். எடுத்ததை எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவாள்.

அன்று கிளப்பைப் பூட்டும்போது மெர்வைப் பிடித்தேன்.

"ராய்ஸ் வீட்டுப் பிள்ளைங்க என்ன திங்கும் மெர்வ்? உங்க நிழல்கூரையவா?"

"நான் என்ன பண்ணட்டும்? அந்தம்மா மேலிடத்துக்கு எழுதிப் போட்டா லைசென்ஸே போயிடும்."

"அப்போ அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. இத்தனை நாள் நீ ஜெயிக்கல, நாங்கதான் போட்டோம்னு சொல்லுங்க."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம்" என்று சாவியைத் தேடப் போய்விட்டார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அந்த வாரம் முழுவதும் ஊரில் இதே பேச்சு. பேச்சு என்றால் எங்கள் ஊர்ப் பேச்சு. அதாவது மழையைப் பற்றிப் பேசுவார்கள், பேசி முடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை அந்தம்மாதான் எடுக்குதாம்" என்று தரையைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். யாரும் யாரிடமும் ஒரு திட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் ஒன்று இருந்திருக்கிறது. எனக்கும் இருந்தது. டிரம்மை மேசையிலிருந்து மேடைக்குத் தூக்கிப் போகும் வேலை என்னுடையதுதான். போகிற வழியில் கையை விட்டு, ராய்ஸின் சீட்டைத் தவிர மற்றவற்றில் முடிந்த அளவு அள்ளி என் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கிளப்பில் உட்கார இடமில்லை. டான்யாவும் வந்திருந்தாள், வழக்கமாக வர மாட்டாள். ராய்ஸுக்குப் பச்சையில் ஒரு சரம் கிழித்துக் கொடுத்தேன். பிலிப்பா டிரம்மின் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். மெர்வ் வந்தார், டிரம்மின் வாய்க்குள் கையை விட்டார், எடுத்தார். டட்லி வந்தான், விட்டான், எடுத்தான். பேக்கரிக்காரி, தபால்காரர், எல்லாரும் வரிசையாக வந்து ஏதோ கோயில் காரியம் போல் முகத்தை வைத்துக்கொண்டு கையை விட்டு எடுத்தார்கள். ராய்ஸ் தன்னுடையதை இடது கையால் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டான்.

டிரம்மைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நடந்தபடி கையை உள்ளே விட்டேன். விரல் நேரே அடித்தகரத்தில் போய் முட்டியது. துழாவினேன். நாலைந்து சீட்டு தட்டுப்பட்டது. அவ்வளவுதான்.

இந்தக் கிளப்பில் ராய்ஸைத் தவிர ஒருத்தர்கூடத் தன் சீட்டைப் போடவில்லை. தான் ஒருவன் போடாவிட்டால் ராய்ஸுக்கு ஒரு சரத்தளவு கூடுதல் வாய்ப்பு என்று ஒவ்வொரு புண்ணியவானும் தனித்தனியாக யோசித்து, உள்ளங்கையிலேயே கசக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டோமே. நாங்கள் நாசூக்கானவர்கள். டிரம்மைக் கீழே போட்டு உடைத்திருந்தால்கூடத் தேவலை. நானோ அதைக் கொண்டுபோய் மேடையில் பத்திரமாக வைத்தேன்.

பிலிப்பா சுற்றினாள். டிரம்முக்குள் காகிதச் சத்தமே இல்லை. ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"பச்சை, நாற்பத்து மூணு."

ராய்ஸ். கிளப்பே ஆரவாரம் செய்தது. அவன் சிரித்துக்கொண்டே வந்து சாப்ஸ் தட்டை எடுத்தான். போகும்போது பிலிப்பாவிடம், "பாத்தீங்களா, கிளெனிஸ் எடுத்தாலும் நீங்க எடுத்தாலும் என் கை அப்படி" என்றான். அந்த நொடி வரைக்கும் அவன் சந்தோஷமாக இருந்தான். அதையும் சொல்ல வேண்டும்.

"பச்சை, நாற்பத்து ஒண்ணு."

"மறுபடி எடுங்க" என்றான் ராய்ஸ், உட்கார்ந்தபடியே, பெருந்தன்மையாக. இந்தத் தடவை ஆரவாரம் பாதிதான்.

"பச்சை, நாற்பத்து நாலு."

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவரும் தன் பீரையே பார்த்தார்கள். அப்போதுதான் ஒவ்வொரு மண்டைக்கும் விஷயம் எட்டியது என்று நினைக்கிறேன். பிலிப்பா ஒலிபெருக்கியில், "இது கணக்குப்படி நடக்கவே முடியாதே" என்றாள். அவள் வாழ்க்கையில் அதற்கு முன் இப்படி ஒரு நேர்மையான குலுக்கல் நடத்தியிருக்க மாட்டாள்.

ராய்ஸ் எழுந்து வந்தான். டிரம்மை நல்ல கையால் சாய்த்து மேசையில் கவிழ்த்தான். இரண்டு பச்சைச் சீட்டுகள் விழுந்தன. இரண்டும் அவனுடையவை. தட்டிப் பார்த்தான். வேறெதுவும் விழவில்லை.

"மெர்வ், உங்க சீட்டு எங்க?"

மெர்வின் கை மேசைக்கடியில் போனது.

"கையத் திறங்க."

மெர்வ் திறந்தார். வியர்வையில் நனைந்து உருண்டையாகிப் போன மஞ்சள் காகிதம். ராய்ஸ் கிளப்பைச் சுற்றிப் பார்த்தான். "டட்லி? நீயுமா?" டட்லி சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டான். அந்த மூடலே போதும்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "எவ்வளவு நாளா, கிளெனிஸ்?"

எனக்கு நாக்கு நீளம் என்று ஊரில் பெயர். அன்றைக்கு நான் காலி டிரம்மை நிமிர்த்தி வைத்தேன்.

"ராய்ஸ், வா போலாம்" என்றாள் டான்யா, மெதுவாக. அவன் அவளைப் பார்த்தான். அவள் குரலில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் அவன் கவனித்தான்.

"உனக்கும் தெரியுமா?"

"பிள்ளைங்க சாப்பிட்டுச்சில்ல" என்றாள்.

சாப்ஸ் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவன் போய்விட்டான். டான்யா மேசைக்கு வந்தாள். தட்டைப் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள், எடுக்காமலே போனாள். நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கறியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிலிப்பா மட்டும், "யாராவது எனக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக ஓர் ஏழையைத் தேடியவள். சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் ஒரே மாலையில் அவளுக்கு ஒருவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டோம், மேடையேற்றி, ஒலிபெருக்கி வைத்து.

திங்கட்கிழமை காலை நான் பேக்கரியில் இருந்தேன். கடைவீதியில் ஆள் நடமாட்டம் அதிகம் இருக்கும் நேரம். ராய்ஸ் தன் பழைய வண்டியை வங்கிக் கட்டடத்துக்கு நேர் எதிரே, பேக்கரி வாசலிலேயே நிறுத்தினான். எங்களைப் பார்த்தான். தெருவை நிதானமாகக் கடந்து கண்ணாடிக்குள்ளே போனான். அவன் அலமாரியிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, பையில் போட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பார்க்க வேண்டும் என்றுதான் செய்தான். பிலிப்பா கேமராவை எடுத்தாள், எடுக்காமல் இருப்பாளா. நின்றான். சிரிக்கச் சொல்லியிருப்பாள் போல. தலையாட்டி மறுத்தான்.

அவன் வெளியே வந்தபோது என் கால் தானாகத் தெருவுக்கு இறங்கிவிட்டது.

"ராய்ஸ், எதுக்குப்பா அங்க போற? அந்தம்மா உன்னச் சுவத்துல மாட்டி வேடிக்கை காட்டப் போகுது."

"மாட்டட்டும்" என்றான். "அந்தம்மா என் மூஞ்சியப் பாத்து, 'உனக்குச் சாப்பாடு வேணுமா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். நீங்க யாரும் கேக்கலயே, கிளெனிஸ்."

"கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அது என் பாடு."

பையை வண்டியில் வைத்தான். மேலேயே குயினோவா தெரிந்தது. "இத எப்படித் திங்கறதுன்னு தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "அந்தம்மாவுக்கும் சரியா தெரியல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

இப்போது அந்த மஞ்சள் சுவரில் ஒரே ஒரு படம் இருக்கிறது. கையைக் கட்டிக்கொள்ள முடியாமல் ஒரு கை தொங்க, முறைத்துக்கொண்டு நிற்கும் ராய்ஸ். கீழே கதை எழுத விட்ட இடத்தில், 'ராய்ஸ் லெய்ட்லா. தோள் போய்விட்டது. பிள்ளைகள் மூன்று' என்று அவன் கையெழுத்திலேயே இருக்கிறது. பிலிப்பா வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி நெகிழ்ந்து போகிறாள். அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் பெருமூச்சு விடுவதைப் பார்த்தால் பத்திக்கொண்டு வரும். ஆனால் இப்போதெல்லாம் அவளைத் திட்டும்போது பாதியில் என் சொந்த முகம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வர மாட்டான் என்று நினைத்தேன். வந்தான். ஒரு பீர் வாங்கினான். என் மேசைக்கு வந்து ஒரு சரம் சீட்டுக் கேட்டான். மறுபாதியைக் கிழித்து டிரம்மில் தானே போட்டான். பிலிப்பா அன்று வரவில்லை. விதியை யாரும் நினைவுபடுத்தவும் இல்லை. டிரம் பழையபடி என் கைக்கு வந்துவிட்டது.

"ஒழுங்கா எடு, கிளெனிஸ்" என்றான்.

எடுத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீட்டில் இருந்ததை அப்படியே படித்தேன். ரோஸ், பதினெட்டு. டட்லி. இரண்டு உறைபெட்டிக்காரன்.

டட்லி எழுந்தான். மாட்டுத் தொடைக்கறித் தட்டைக் கையில் எடுத்தான். கால் ராய்ஸ் இருந்த பக்கம் திரும்பியது, வாய் "மறுபடி" என்று சொல்லத் திறந்தது. ராய்ஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். டட்லி வாயை மூடிக்கொண்டு, தட்டோடு தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தான்.

அப்போது முதலில் தட்டியது ராய்ஸ்தான். தட்டுவதற்கு இரண்டாவது கை வராததால், நல்ல கையால் மேசைமேல் தட்டினான். மற்றவர்களும் தட்டத் தொடங்கும் வரை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.